லாரி எஞ்சின் ஆயிலில் நீர் சேர்தல்

லாரி எஞ்சின் ஆயிலில் நீர் சேர்தல் என்பது, டீசல் எஞ்சினின் சம்ப் எனப்படும் அடித்தொட்டியில் உள்ள ஆயிலுடன் நீர் கலந்து, ஆயில் தன் மசகுத் தன்மையை இழக்கும் கோளாறாகும். நீர் கலந்த ஆயில் பால் ஊற்றிய தேநீர்போல் வெளுத்து, கேஜ் கம்பியிலும் ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் நுரைப் பசையாக ஒட்டிக்கொள்ளும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எனக் கொங்கு நாட்டின் பல ஊர்கள் லாரித் தொழிலை நம்பியிருப்பவை. அங்கு இந்த நுரையைக் கண்டதும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் நீர் இரு வழிகளில் வரக்கூடும். அவற்றுள் ஒன்றுக்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை.

எரிதலில் உண்டாகும் நீர்

டீசலில் ஹைட்ரஜன் இருப்பதால், 1 லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதன் பெரும்பகுதி புகையோடு வெளியேறும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் சிறுபகுதி கீழே இறங்கும். எஞ்சின் நன்கு சூடேறி ஓடினால் அதுவும் பிரீதர் வழியே போய்விடும். சூடேறும் முன்பே நிறுத்தினால், குளிர்ந்த இரும்பில் வியர்த்து ஆயிலில் கலக்கும்.

நாமக்கல்லிலிருந்து வடமாநிலங்களுக்கு நாள்கணக்கில் ஓடும் லாரியில் இது அரிது. குன்னூர், கோத்தகிரிக் குளிரில் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே சில கிலோமீட்டர் மட்டும் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டியில் எதிர்பார்க்கலாம். மழை மாதங்களில் வேலையின்றி நிற்கும் ரிக் லாரிக்கும் இது பொருந்தும். நிற்கும் வண்டியைத் தினமும் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது நல்லது என்பது பரவலான நம்பிக்கை. அது நீரைக் கூட்டவே செய்யும்.

எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கமும் ஒரு காரணம். அது இல்லாவிட்டால் தொடக்கத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குச் சுற்றுவதால், எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகும். மலைக்குளிரில் எட்டாமலே போகலாம்.

ரேடியேட்டர் நீர் கசிதல்

இதுவே ஆபத்தானது. ஹெட் கேஸ்கெட், விரிசல் விட்ட ஹெட், லைனரின் அடியிலுள்ள ஓ-ரிங், ஆயில் கூலர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பழுதாகியிருக்கும். கொங்குப் பகுதியின் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு மிகுந்தது. கூலன்ட்டுக்குப் பதில் அதையே ஊற்றி வந்தால் உள்ளே உப்புப் படிந்து, வெப்பம் வெளியேறாமல் ஹெட் வளையும். துருவும் லைனரை அரிக்கும்.

ஆயில் கூலர் மட்டும் சற்று ஏமாற்றும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் ரேடியேட்டருக்குள் போகும். நிறுத்திய பின் ரேடியேட்டர் நீர் ஆயிலுக்குள் வரும். எனவே ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால், ஹெட்டைக் கழற்றுமுன் கூலரைச் சோதிப்பது செலவைக் குறைக்கும்.

கண்டறிதல்

நன்கு சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டால், நீர் இருக்கும்போது சடசடவென்று பொரியும். முகத்தை விலக்கி வைத்தே இதைச் செய்ய வேண்டும். நீர் இருப்பதை மட்டுமே இது காட்டும். எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. அதற்கு அளவுகளைப் பார்க்க வேண்டும். மூடியில் மட்டும் நுரை, கேஜ் கம்பியில் ஆயில் தெளிவு, ரேடியேட்டர் மட்டமும் குறையவில்லை என்றால் அது வியர்வை நீராகவே இருக்கக்கூடும். பாரத்துடன் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் கசிவைத் தேட வேண்டும். ரேடியேட்டர் மட்டம் குறைந்து ஆயில் மட்டம் ஏறினால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடாமல் சுழல்வது மெல்லிய ஆயில் படலத்தின் மீதுதான். நீர் அந்தப் படலத்தை உடைக்கும். பேரிங் தேய்ந்து, கிராங்க் பிடித்துக்கொண்டால் முழு எஞ்சின் வேலைதான். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களிலும் பைனான்ஸ் தவணை நிற்காது. கசிவை அடைத்த பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்றுவது நல்லது. கலங்கிய ஆயிலின் ஒரு பங்கு ஆயில் வழிகளிலும் கூலரிலும் தங்கிவிடும்.