நாணயத்தில் நாணயம்

‘நாணயம்’ என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். இவ்விரு பொருளும் எத்துணை நெருங்கியவை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு செப்புக்காசு.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக்காசை அன்பர் பலர் அறிவர். ஒரு புறத்தில் நிற்கும் மனித உருவம். மறுபுறத்திற் படுத்திருக்கும் இடபம். அதன் கீழே ‘சேது’ என்னுந் தமிழெழுத்து. கொட்றிங்டன் 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலும் இவை இடம்பெற்றுள்ளன.

சில ஆண்டுகளின் முன் திருவிழாக் கடையொன்றில் அத்தகைய காசொன்றை வாங்கினேன். எங்கே கிடைத்ததென்று வினவினேன். “பழைய வீட்டுச் சொத்து, ஐயா” என்றார் விற்றவர். அதற்குமேல் நானும் கேட்டிலேன். வகுப்பில் அதனைக் காட்டி, “நம் மன்னர் காலத்துக் காசு” என்று பெருமிதத்தோடு பாடஞ் சொன்னேன்.

மறுவாரம் மாணவனொருவன் தன் மாமனார் வாங்கிய காசைக் கொணர்ந்தான். இரண்டையும் அருகருகே வைத்தோம். இடபத்தின் திமிலில் ஒரே கீறல். விளிம்பில் ஒரே வெடிப்பு. முத்திரையிலுள்ள குறை பல காசுகளில் விழுதல் கூடும். புழக்கத்தில் நேர்ந்த கீறலும் அடிக்கும்போது விளிம்பில் உண்டான வெடிப்பும் இரண்டு காசில் ஒன்றுபோல் அமையா. ஒரே அச்சில் வார்த்த போலிகளிலேயே அவ்வாறு அமையும்.

“ஐயா, இரண்டும் இரட்டைப் பிள்ளைகளோ?” என்றான் அவன். வகுப்புச் சிரித்தது. முன்வாரம் உரைத்ததை அவர்கள் முன்னிலையிலேயே மீளப் பெற்றுக்கொண்டேன். கடைக்காரரைத் தேடிச் சென்றேன். விழாவும் முடிந்தது, கடையும் இல்லை.

பின்னர் வேறொரு வணிகரை அறிந்தேன். நான் விரும்பி எடுத்த காசொன்றைத் தடுத்து, “இதன் களிம்பு அமிலத்தில் ஊறவைத்து வந்ததென ஐயுறுகிறேன், ஐயாவுக்கு வேண்டாம்” என்றார். வேறொன்றைத் தந்தபோது அதன் வகை, நிறை, விலை ஆகியவற்றை எழுதி, போலியெனக் காணின் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையொப்பமும் இட்டார். தொல்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்னும் 1940 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவரே நினைவூட்டினார்.

காசு திரட்டும் அன்பர்களே, காசை நோக்குமுன் வணிகரை நோக்குங்கள். தம் பொருளின் குறையைத் தாமே சொல்கிறாரா? எழுதித் தருகிறாரா? நாளையும் அதே இடத்தில் இருப்பாரா?

போலிக்காசை நான் எறிந்திலேன். ஆண்டுதோறும் மெய்க்காசோடு அதனையும் வகுப்பிற்குக் கொண்டுசெல்கின்றேன். எது மெய்யென்று மாணவர் கூறிய பின்னரே பாடந் தொடங்கும்.