எழுத்துக்கு முந்திய கல்வி

எழுத்தறிவித்தலே கல்வியின் தொடக்கம் எனப் பலரும் கருதுகின்றனர். எழுத்துக்கு முன்னரே குழந்தை கற்க வேண்டியவை நிரம்ப உள. அவற்றைக் கற்கும் பருவத்தில் எழுத்தைத் திணித்தல் ஆகாது என்னும் கொள்கையுடையது வால்டார்ஃப் கல்விமுறை.

இதன் தோற்றம் வியப்புக்குரியது. முதல் உலகப் போரால் செர்மனி நிலைகுலைந்திருந்த 1919ஆம் ஆண்டில், ஸ்டட்கார்ட் நகரில் வால்டார்ஃப் அஸ்டோரியா என்னும் சிகரெட் தொழிற்சாலையை நடத்திவந்த எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கெனப் பள்ளியொன்று அமைத்துத் தருமாறு ருடால்ஃப் ஸ்டெய்னரை வேண்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் பள்ளி திறக்கப்பெற்றது. இயற்கையோடு இயைந்த கல்வி என்று போற்றப்படுவது சிகரெட்டின் பெயரைத் தாங்கி நிற்பது காலத்தின் குறும்பு போலும்! ஸ்டெய்னர் (1861-1925), சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் செர்மானியக் கிளைக்கு 1902 முதல் பொதுச்செயலாளராக விளங்கி, பின்னர்க் கருத்து வேறுபாட்டால் பிரிந்தவர். மழலையர் பிரிவைக் காண அவர் உயிரோடு இல்லை. 1926இல் எலிசபெத் ஃபான் குரூனேலியஸ் என்னும் அம்மையாரே அதனைத் தொடங்கினார்.

முதல் ஏழாண்டுகளில் குழந்தை, கேட்டுக் கற்பதினும் கண்டு போலச்செய்து கற்பதே மிகுதி என்பது இம்முறையின் அடிப்படை. ஆதலின் இங்கே ஆசிரியை பாடம் சொல்வதில்லை, வேலை செய்கிறார். மாவு பிசைகிறார், துணி தைக்கிறார், தோட்டத்தில் களை எடுக்கிறார். அருகிருக்கும் குழந்தையும் ஒரு கைப்பிடி மாவை எடுத்துக் கொள்கிறது. நீர் மிகுந்தால் மாவு கையில் ஒட்டுகிறது, குறைந்தால் உதிர்கிறது. புளித்த மாவு உப்புகிறது; அடுப்பில் வெந்து மணக்கிறது; பந்தியில் அனைவர்க்கும் ஒத்த பங்காகப் பிரிகிறது. அளவும் எண்ணும் பகிர்வும் கரும்பலகைக்கு வருமுன்னரே விரல்களுக்கு வந்துவிடுகின்றன.

மழையாயினும் பனியாயினும் நாள்தோறும் வெளியில் விளையாட்டு உண்டு. மரத்துண்டு, கிளிஞ்சல், கம்பளி நூல் ஆகியனவே விளையாட்டுப் பொருள்கள். துணிப்பொம்மையின் முகத்தில் கண்ணும் வாயும் சிறு புள்ளிகளாகவே இருக்கும். சில பொம்மைகளில் அவையும் இரா. சிரிப்பையும் அழுகையையும் குழந்தையே தன் கற்பனையால் இட்டு நிரப்பட்டும் என்பது கருத்து.

மொழியாசிரியர்கள் சிறப்பாக நோக்கத்தக்கது கதை சொல்லும் முறையாகும். ஆசிரியை நூலைப் பார்த்துப் படிப்பதில்லை, மனத்திலிருந்து சொல்கிறார். ஒரே கதை, அதே சொற்களில், பல நாள் தொடர்ந்து வரும். மூன்றாம் நாளில் அடுத்த சொல்லைக் குழந்தையின் உதடு முந்திக்கொள்ளும். தொடரமைதி இவ்வாறு செவிவழியே படிகிறது.

பால்பற்கள் விழத் தொடங்கும் ஏழாம் அகவையை ஒட்டியே எழுத்துப் பயிற்சி தொடங்கும். பிள்ளை பின்தங்கிவிடாதா என்னும் பெற்றோரின் அச்சம் இயல்பே. நியூசிலாந்தில் ஐந்து அகவையில் படிக்கத் தொடங்கியோரையும் ஏழில் தொடங்கிய ஸ்டெய்னர் பள்ளி மாணவரையும் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழப் பதினொன்றாம் அகவைக்குள் படிக்கும் திறனில் வேறுபாடு மறைந்துவிட்டதைக் காட்டிற்று. ஓர் ஆய்வைக் கொண்டே முடிவு கட்டல் தகாது. எனினும் அச்சம் தணிய அது இடந்தருகிறது.

ஸ்டெய்னர் கூறிய காரணங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டுவதில்லை. மறுபிறப்பு முதலியவற்றைப் பற்றிய அவர்தம் கொள்கைகள் அறிவியலின் பாற்பட்டன அல்ல. மாந்த இனங்களை ஏற்றத்தாழ்வாகப் பேசிய அவர்தம் உரைகள் கண்டிக்கத்தக்கன, கண்டிக்கப்பட்டும் உள்ளன. வகுப்பறையில் நிகழ்வதை இவற்றினின்றும் பிரித்து ஆராய்தலே முறை.

பிறிதொரு குறையும் உண்டு. ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென எழுந்த இம்முறை, அரசு உதவி கிட்டாத நாடுகளில் வசதியுடையோர்க்கே எட்டும் கட்டணப் பள்ளியாகிவிட்டது. மாவும் மண்ணும் கிளிஞ்சலும் விலை மிக்கன அல்ல. சில குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை எனும் ஏற்பாட்டுக்கே செலவு மிகுதியாகிறது.