எல்லாம் மறந்தது, பாட்டு மட்டும் மறக்கவில்லை!

லண்டனில் கிளைவ் வேரிங் என்று ஒரு சங்கீத வித்துவான். பி.பி.சி. வானொலியில் வேலை. 400 ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பிய இசையில் நிபுணர். கோஷ்டி கானம் நடத்துவதில் கெட்டிக்காரர்.

1985 மார்ச் மாதம் அவருக்குக் கடும் தலைவலி, பிறகு காய்ச்சல். உதட்டில் கொப்புளம் போடும் சாதாரண 'ஹெர்ப்பிஸ்' கிருமிதான் மூளைக்குள் புகுந்துவிட்டது. உயிர் தப்பினார். ஆனால் புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற பகுதி நாசமாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 46.

அரை நிமிட ஞாபகம்

அதன் பிறகு எதுவும் சில விநாடிகளுக்கு மேல் மனதில் நிற்கவில்லை. மிஞ்சிப்போனால் அரை நிமிடம். பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பும் மனைவி டெபோராவைப் பல வருஷம் காணாதவர் போல் கட்டிக்கொள்வார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். மணியைக் குறித்து, இப்போதுதான் முதல் முறையாகக் கண் விழித்ததாக எழுதுவார். சற்று நேரத்தில் அதை அடித்துவிட்டு, இதுதான் நிஜமான விழிப்பு என்று மறுபடி எழுதுவார். பக்கம் பக்கமாக இதே எழுத்து, இதே அடித்தல்.

ஒருநாள் டெபோரா ஒரு சுரக்குறிப்புத் தாளை அவர் முன் விரித்துப் பாட ஆரம்பித்தார். என்ன ஆச்சரியம்! கணவரும் தம் பகுதியை எடுத்துச் சேர்ந்து பாடினார். பியானோ முன் உட்கார்த்தினால் வாசித்தார். பழைய பாடகர் குழுவின் முன் நிறுத்தினால் கையசைத்துச் சரியாக நடத்தினார். பாட்டு முடிந்ததும் பழைய திகைப்பு வந்துவிடும்.

காரணம் என்ன? நடந்ததை நினைவுகூர்வது ஒரு வேலை. பழகிய காரியத்தைச் செய்வது வேறு வேலை. சைக்கிள் ஓட்டக் கற்றவன், கற்ற நாளை மறந்தாலும் ஓட்டுகிறான் அல்லவா? மூளையில் இரண்டுக்கும் இடம் வேறு. தவிர, பாட்டில் ஓர் அடி அடுத்த அடியைத் தானே இழுத்து வருகிறது.

வேரிங்குக்கு வந்தது கிருமி நோய். முதுமையில் வரும் 'அல்சைமர்' மறதி வேறு வகை. ஆனாலும் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாட்டுகளை அடையாளம் காணும் மூளைப் பகுதிகள் அந்த நோயில் மற்றப் பகுதிகளை விடக் குறைவாகவே சேதம் அடைகின்றன என்று தெரிந்தது. அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட், அந்த நோய் இருந்த நிலையிலும் 2021-ல் தமது 95-வது பிறந்த நாளில் நியூயார்க்கில் மேடை ஏறிப் பாடினார்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு

பத்து நாள் லீவில் ஊருக்குப் போனால், "நீ யாரப்பா?" என்று பெற்ற தாயே கேட்கும் கொடுமை நம்மில் சிலருக்கு நேர்ந்திருக்கிறது. பாட்டு இந்த நோயைத் தீர்க்காது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். ஆனால் மனச்சோர்வைக் குறைக்கும்.

எந்தப் பாட்டு? நமக்குப் பிடித்தது அல்ல. பத்து வயது முதல் இருபத்தைந்து வரை அவர்கள் கேட்டது. இன்று 75 வயது அம்மாவுக்கு, 1960 முதல் 75 வரை இலங்கை வானொலியிலும் டூரிங் டாக்கீஸிலும் ஒலித்த சினிமாப் பாட்டு, நடவுப் பாட்டு, கோயில் பாட்டு. எது என்று அத்தையிடமோ சித்தியிடமோ கேட்டால் தெரியும். சத்தம் மிதமாக இருக்கட்டும், டி.வி.யை நிறுத்திவிடுங்கள். "இது யார் பாட்டு, சொல் பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். முகம் சுளித்தாலோ அழுதாலோ உடனே மாற்றிவிட வேண்டும்.

லீவு கிடைக்காவிட்டால் செல்போனில் நீங்களே பாடலாம். குரல் நன்றாக இல்லையே என்ற கூச்சம் வேண்டாம். இரண்டு அடி பாடிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். மூன்றாவது அடி அந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடும்.