பின்னிருக்கையில் உட்கார்ந்த பிள்ளைக்கு யார் பொறுப்பு?

கோல சிலாங்கூர் தோட்டங்களில் வேன் என்றால் சோறு போடும் வண்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும், பொழுது சாய்ந்தால் தொழிற்சாலைப் பெண்களை இறக்கிவிடும், தைப்பூசத்துக்கு ஒரு குடும்பத்தையே பத்துமலைக்குக் கொண்டுபோகும். அதே வேனில், பெரும்பாலும் பழைய நிசான் வானெட்டில், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த பழைய காரின் (ஹாஃப்கட்) டர்போ இன்ஜினைப் பொருத்திப் பந்தய வண்டியாக்குவதில் நம் இளைஞர்களுக்குத் தனி மோகம். அந்தக் கைவேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். முறையாகப் படிக்காமலே இன்ஜினை இறக்கி, வயரிங்கை மாற்றி ஓடவைக்கும் பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கிறார்கள். என் கவலையெல்லாம் அந்த வண்டியில் ஏறுகிறவர்களைப் பற்றியது.

வானெட் போன்ற வேனில் ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார். இன்ஜின் இருக்கைக்கு அடியில். முழங்காலுக்கும் எதிரே வரும் லோரிக்கும் நடுவில் ஒரு தகரம்தான். வண்டி உயரமானது, அகலம் குறைவு, வளைவில் சாய்ந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றலும் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இன்ஜினுக்குச் செலவழிக்கிறவர்களில் எத்தனை பேர் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் செலவழிக்கிறார்கள்?

1990களில் ரெனோ நிறுவனம் தன் எஸ்பாஸ் குடும்ப வேனில் ஃபார்முலா ஒன் காரின் பத்து சிலிண்டர் இன்ஜினை வைத்துக் காட்டியது. அதில் எஸ்பாஸாக மிஞ்சியது உருவம் மட்டும்தான். பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பந்தயக் காருக்கு உரியவை. ஜப்பானில் டாட்ஜ் வேன்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்களும் எபிசு பந்தயத் தடத்தில்தான் ஓட்டுகிறார்கள். நம் பக்கத்துச் சாலை அப்படியா? சதுப்பு நிலத்தின் மேல் போட்ட சாலைகள் அலை அலையாக அமிழ்ந்துகிடக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி சந்திலிருந்து திரும்பும். இரவில் மாடு நடுரோட்டில் படுத்திருக்கும். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறவர்களின் வண்டிகளும் அதே இருட்டில்தான் போகின்றன.

சட்டத்துக்கு வருவோம். இன்ஜின் மாற்றுவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் பெற்று, பரிசோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டி, புதிய இன்ஜின் எண்ணை வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டில் பதிந்தால் மாற்றலாம். அதனால் ஹாஃப்கட் கடை ரசீதைத் தொலைக்காதீர்கள். சாலை வரி இன்ஜினின் சிசி அளவைப் பொறுத்தது. 1500 சிசிக்கு வரி கட்டிவிட்டு 2000 சிசி ஓட்டினால் அதுவே தவறு. வண்டி இன்னும் பேங்க் கடனில் இருந்தால் பேங்கின் சம்மதமும் வேண்டும். பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், பந்தயப் பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும். ஆபத்தாக ஓட்டி ஓர் உயிர் போனால், 2020 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். லைசென்ஸ் இல்லாத மகனிடம் சாவியைக் கொடுத்த தகப்பன் மீதும் வழக்கு வரும்.

அதிகம் பேர் அறியாதது இன்சூரன்ஸ் விஷயம். சாதாரண மோட்டார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. இன்ஜின் மாற்றியதைச் சொல்லாமல் மறைத்திருந்தால் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையையும் நிறுவனம் மறுக்கலாம். தெருவில் போன ஒருவர் அடிபட்டால், நீதிமன்றத் தீர்ப்புப்படி அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடமே திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு வழி உண்டு. பின்னிருக்கையில் இருந்த நண்பனின் நிலைதான் கொடுமை. தனியார் வண்டிக்கான பாலிசி உள்ளே இருக்கும் பயணிகளின் கோரிக்கையை ஏற்காது. அதற்குக் கூடுதல் காப்பு தனியாக வாங்க வேண்டும். வாங்கியிருந்தாலும் பந்தயத்தில் அடிபட்டால் அது உதவும் என்று நம்பமுடியாது. வேலைக்குப் போகிற வழியில் விபத்து என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை விபத்துக் காப்பு இருக்கிறது. நள்ளிரவுப் பந்தயத்துக்கு அந்த வேலை விபத்துக் காப்பு இல்லை. முதுகெலும்பு முறிந்த பிள்ளை, கூட்டாளியின் மீதே வழக்குப் போட வேண்டும். அந்தக் கூட்டாளியிடம் என்ன இருக்கும், அந்த நொறுங்கிய வேனைத் தவிர?

விபத்து நடந்துவிட்டால், ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். தஞ்சோங் காராங் மருத்துவமனையானாலும் கிள்ளானானாலும் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். காயத்துக்கு 6 ஆண்டுக்குள் சிவில் வழக்குத் தொடரலாம். இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கு 3 ஆண்டுதான். துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுவதுதான் வேதனை. மோதியவருக்கு இன்சூரன்ஸே இல்லையென்றால் மோட்டார் இன்சூரன்ஸ் பணியகத்திடம் விண்ணப்பிக்கலாம்.

கைதானால் காரணத்தைக் கேட்கவும், குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். பட்டறை வேலையைக் கெடுத்துவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

ஓட்டத்தான் வேண்டுமென்றால் தடத்தில் ஓட்டட்டும். நம் நாட்டுக் கரம்ஜித் சிங் முறையான போட்டியில் ஓட்டித்தான் 2002இல் புரோட்டோன் காரில் தயாரிப்பு கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். ஆனால் ஷா ஆலாம் பத்து தீகா பந்தயத் தடம் மூடப்பட்டு இருபது ஆண்டுக்கு மேலாகிறது. 1999இல் திறந்த செப்பாங் தடம் மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. வண்டியை இழுத்துப்போகும் செலவு தோட்டத்துப் பிள்ளைக்குக் கட்டாது. வடக்கு சிலாங்கூரில் அனுமதி பெற்ற, ஆம்புலன்ஸ் நிற்கும் ஒரு நேர்த்தடம் வேண்டும் என்று கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திடமும், ஈஜோக், ஜெராம், புக்கிட் மெலாவத்தி சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இளைஞர் மன்றங்கள் எழுத்தில் கேட்கட்டும். கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.