மண்டலா ஓவியத்துக்குள் ஒரு மாளிகை இருக்கு... வாசல் எந்தப் பக்கம் தெரியுமா?

"ஸ்ட்ரெஸ்ஸா இருக்கா? மண்டலா கலரிங் ஆப் ஒண்ணு டவுன்லோட் பண்ணு!" என்று யாராவது உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். ஃபோன் கவர், யோகா மேட், டாட்டூ என்று அந்த வட்ட டிசைன் இல்லாத இடமே இல்லை. ஆனால் காத்மாண்டுவிலோ பக்தபூரிலோ ஒரு தங்கா ஓவியக் கடைக்குள் போய், துணியில் கையால் வரைந்த மண்டலாவை உற்றுப் பார்த்தால் 'இது வெறும் டிசைன்தானா?' என்ற சந்தேகம் வந்துவிடும். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரத்தின் நான்கு பக்கமும் ஆங்கில 'டி' வடிவில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் குட்டியாக ஓர் உருவம்.

அந்த 'டி'தான் வாசல். நீங்கள் பார்ப்பது ஒரு மாளிகையின் பிளான்.

மண்டலம் என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு வட்டம் என்று பொருள். சோழமண்டலம், தொண்டைமண்டலம் என்கிறோமே, அதே மண்டலம்தான். திபெத்திய பௌத்தத்தில் அது ஒரு தெய்வம் தன் பரிவாரத்தோடு வசிக்கும் மாளிகை. மேலிருந்து எடுத்த சாட்டிலைட் படம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்க வேண்டிய தோரணங்களை, அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பரப்பியதுபோல வெளிப்பக்கம் சாய்த்து வரைந்திருப்பார்கள். அதனால்தான் பார்த்ததும் பிடிபடுவதில்லை. காலசக்ர மண்டலாவில் குடியிருப்பவர்கள் மட்டும் 722 தெய்வங்கள்!

மேப்பில் வடக்குதானே மேலே இருக்கும்? இங்கே பொதுவாகக் கிழக்கு கீழே இருக்கும். நடுவிலுள்ள தெய்வம் கிழக்கு நோக்கி, அதாவது பார்ப்பவரை நோக்கி இருக்கிறது. நுழைவதும் அந்தப் பக்கம்தான்.

சும்மா நுழைந்துவிட முடியாது. வெளி வட்டம் நெருப்பு. அடுத்தது வஜ்ராயுத வேலி. உக்கிர தெய்வத்தின் மண்டலா என்றால் எட்டு மயானங்களும் உண்டு. பிறகு தாமரை இதழ்கள். இவ்வளவையும் தாண்டித்தான் வாசல். தியானம் செய்பவர் மொத்த மாளிகையையும் மனதுக்குள் கட்டி, இந்த வழியாக நடுவுக்குப் போக வேண்டும். கையில் பிளான் இல்லாமல் வீடு கட்ட முடியுமா? அதற்குத்தான் இந்த ஓவியம்.

எனவே ஓவியருக்கு இஷ்டப்படி வரையும் சுதந்திரம் குறைவு. எந்தத் திசையில் யார், என்ன நிறம், என்ன அளவு என்பதெல்லாம் நூல்களில் வகுக்கப்பட்டவை. பருத்தித் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, தோல் பசையோடு சுண்ணப்பொடி கலந்து பூசி, நெசவு தெரியாதபடி வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். நம்ம ஊர் ஆசாரி மரத்தில் நூலைச் சுண்டிக் கோடு போடுவாரே, முதல் கோடுகள் அப்படித்தான் விழுகின்றன. மரபான முறையில் நீலமும் பச்சையும் அரைத்த தாதுக் கற்கள், சிவப்பு, சாதிலிங்கம். இப்போது கடை கலர்களும் நிறையவே புழங்குகின்றன. தங்கக் கோடுகள் கடைசிக் கட்டத்தில். எல்லாம் முடிந்த பிறகே தெய்வத்துக்குக் கண் திறக்கிறார்கள்.

சரி, இது எப்படி ஸ்ட்ரெஸ் மருந்தானது? முக்கியக் காரணம், சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங். 1916-ல் தன் முதல் மண்டலாவை வரைந்த அவர், முதல் உலகப் போரின் கடைசிக் காலத்தில் தினமும் காலையில் நோட்டில் ஒரு வட்டப் படம் வரைந்து, அதில் தன் அன்றைய மனநிலையைப் படித்தார். தெய்வத்தின் மாளிகை, மனதின் கண்ணாடி ஆகிவிட்டது!

2005-ல் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மண்டலாவுக்குக் கலர் அடித்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. வெள்ளைத் தாளில் இஷ்டம்போல் கலர் செய்தவர்களுக்குக் குறையவில்லை. இதுவரை சரி. ஆனால் சாதாரணக் கட்டம் போட்ட டிசைனுக்குக் கலர் அடித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது! 2012-ல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது, மண்டலா கட்டத்தை முந்தியது. ஆக, வட்டத்துக்கென்று தனிச் சக்தி உண்டா என்பது இன்னும் தீராத வழக்கு. கலரிங் பண்ணுங்கள், தப்பே இல்லை. 'பழங்கால திபெத்திய ரகசியம்' என்ற லேபிளைத்தான் நம்ப வேண்டாம்.

ஒரிஜினல் வாங்க ஆசையா? பிரின்ட் மேல் லேசாகக் கலர் பூசி 'ஹேண்ட் பெயின்டிங்' என்று தலையில் கட்டுவதும் உண்டு. ஃபோன் கேமராவில் ஸூம் செய்து பாருங்கள். பிரின்ட் பெரும்பாலும் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். கையால் இட்ட தங்கக் கோடு, படத்தைச் சாய்க்கும்போது மினுங்கும். தாமரை இதழ்களும் அச்சடித்தாற்போல ஒன்றாக இருக்காது.

விலை பேசும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நடுவில் இருப்பது யார்?" "அதெல்லாம் மெடிட்டேஷன் டிசைன் சார்" என்றால், அது அலங்காரப் பொருள், அதற்குரிய விலையைக் கொடுங்கள். பெயரைச் சொன்னால், கிழக்கு வாசல் எது என்றும் கேட்டுவையுங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் வீட்டில் தலைகீழாக மாட்டிவிட நிறைய வாய்ப்பிருக்கிறது!