ரோட்டோரம் போகிறவரைக் கேட்டு ரோடு போடுங்கள்!

மாமல்லபுரம் கடற்கரை தொடங்கி செங்கல்பட்டு வரை பாதுகாப்பான சைக்கிள் பாதை வேண்டும். அதற்கான வரைபடத்தை முதலில் யார் கையில் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால், சைக்கிள் என்பது சென்னைக்காரர்களின் உடற்பயிற்சி என்றுதான் தோன்றும். தலையில் ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, லட்சம் ரூபாய் சைக்கிள் எனக் கூட்டம் கூட்டமாகக் கோவளத்தையும் வடநெம்மேலியையும் தாண்டி மாமல்லபுரத்துக்குப் பறக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நின்று பாருங்கள், கதையே வேறு. கேரியரில் மீன் கூடை கட்டிய வியாபாரி, ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஆட ஆட வரும் கொத்தனார், சிற்பக் கூடத்துக்குப் போகிற கல் தொழிலாளி, ரிசார்ட்டில் வேலை பார்க்கும் வடமாநில இளைஞர், அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் மாணவி. இவர்களிடம் ஹெல்மெட் கிடையாது, விளக்கும் கிடையாது. சாலை போடும்போது இவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் நம்மிடமும் கிடையாது.

கடற்கரையை ஒட்டிப் பாதுகாப்பான சைக்கிள் பாதை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் குரல் மட்டுமே காதில் விழுகிறது. அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால், அந்தக் குரலை மட்டும் கேட்டுப் போடுகிற பாதை வாரம் முழுக்க வண்டி மிதிப்பவரைக் காப்பாற்றாது.

முதல்வரும் டி.ஜி.பி-யும் மிதித்த சாலை

ஊர்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடந்த சாலைகளை இணைத்து, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 1990-களில் உருவானதுதான் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2002 முதல் சுங்கக் கட்டணம் வந்தது. பின்னர் அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை நான்கு வழியாக விரிந்து, நடுவில் தடுப்பும் முளைத்தது. சாலை அகலமாக ஆக, வண்டிகளின் வேகமும் ஏறியது.

இந்தச் சாலையில் சைக்கிளுக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. 2021 ஜூலையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டிய படங்கள் ஊரெல்லாம் சுற்றின. அப்போது டி.ஜி.பி-யாக இருந்த சைலேந்திர பாபு சைக்கிள் பிரியர் என்பது தமிழ்நாடே அறிந்த சேதி. 2022-ல் தாம்பரம் மாநகரக் காவல்துறை, வார இறுதிக் காலைகளில் சாலையின் ஒரு ஓரத்தைச் சைக்கிளுக்கென ஒதுக்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கூம்பும் காவலரும் நிற்கும் வரைதான் அது பாதை. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

மிதிப்பவருக்கே தெரிந்த இரண்டு அங்குலம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சாலை ஓரத்தின் கதையும் அப்படித்தான். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்கம் இருக்கும். மேலே மேலே தார் போடப் போட அந்தப் படியும் உயரும். இரண்டு அங்குலம்தானே என்று காரில் போகிறவர் நினைப்பார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. சைக்கிள்காரர் பதறிப்போய் மண்ணில் இறங்குகிறார். பஸ் போனதும் சாய்வாகத் தாருக்கு ஏறப் பார்க்கிறார். முன்சக்கரம் அந்த விளிம்பில் உரசி மேலே ஏறாமல் வழுக்க, வண்டி சாலைப் பக்கமே சாய்கிறது. அடுத்து ஒரு லாரி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைச் சாலை என்பதால் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் வேறு ஓரத்தில் கிடக்கும்.

ஓட்டுநர்களை எச்சரிக்க வரிசையாகப் போட்ட தடிமனான வெள்ளைப் பட்டைகளின் கதையும் இதேதான். காருக்கு லேசான அதிர்வு. பின்னால் முப்பது கிலோ சுமை கட்டிய சைக்கிளுக்கு முதுகுத்தண்டு வரை குலுக்கல். அதைத் தவிர்க்க ஓரத்தில் ஓர் அடி இடைவெளி தேடி வளைகிறார்கள். பாலம் வந்தாலோ ஒதுங்குவதற்கு ஓரமே இருக்காது.

‘ராங் சைடு’ விவகாரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். குப்பம் கடல் பக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ மேற்குப் பக்கம். நடுத் தடுப்பில் திறப்பு வெகு தூரம் தள்ளி. சட்டப்படி போவதென்றால், எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் மிதித்துப்போய், சீறிவரும் கார்களுக்கு நடுவே யு-டர்ன் அடித்துத் திரும்ப வேண்டும். யார் போவார்கள்? இருநூறு மீட்டர் எதிர்த்திசையிலேயே ஓரமாக உருட்டிவிடுகிறார்கள். போலீஸுக்கு அது விதிமீறல். சாலையை வடிவமைப்பவருக்கோ, அது எந்த இடத்தில் கடவை கேட்கிறார்கள் என்பதைத் தரையிலேயே எழுதிக் காட்டும் மனு.

இந்த விவரமெல்லாம் அரசுப் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். விழுந்து அடிபட்டால், செத்துப்போனால் கணக்கு இருக்கும். பயந்துபோய்ப் பிள்ளையின் சைக்கிளை வீட்டுத் திண்ணையில் சாத்திவைத்த அம்மாவுக்கு எஃப்.ஐ.ஆர். இல்லை. விபத்து நடந்த இடங்களை மட்டும் புள்ளி வைத்துத் திட்டம் போட்டால், பயத்தால் ஏற்கெனவே காலியாகிவிட்ட சாலைகள் ‘பாதுகாப்பானவை’ பட்டியலில் சேர்ந்துவிடும்.

குறுக்குச் சாலைகளை மறந்தால்…

கடற்கரையோடு நீளும் ஒற்றைக் கோடு பார்க்க அழகு. ஆனால், இந்த வட்டாரத்தின் அன்றாடம் கிழக்கு மேற்காகத்தான் ஓடுகிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், நெம்மேலியிலிருந்து திருப்போரூர் என்று உப்பங்கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டும் சாலைகள் உண்டு. வேலை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், கோயில் எல்லாவற்றுக்கும் இவைதான் வழி. அகலமில்லாத இந்தச் சாலைகளில் டிப்பர் லாரியும் கல்லூரிப் பஸ்ஸும் சைக்கிளும் ஒரே தாரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஒற்றைக் கோட்டு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் ஆக்ராவையும் எட்டாவாவையும் இணைத்து 2016 நவம்பரில் 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலை திறந்தார்கள். ஆசியாவிலேயே முதல் என்று கொண்டாடினார்கள். சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் ஆக்கிரமிப்பும் உடைசலுமாக அது செய்திகளில் அடிபட்டது.

சைக்கிள் தேசம் என்று நாம் வாய் பிளக்கும் நெதர்லாந்தும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தது. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நானூற்றுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அரசு முதலில் தி ஹேக், டில்பர்க் நகரங்களில் ஊருக்கு ஒரு சொகுசுப் பாதை போட்டுப் பார்த்தது. எதிர்பார்த்த அளவு சைக்கிள் பெருகவில்லை. 1980-களில் டெல்ஃப்ட் நகரத்தில் தெருத் தெருவாகக் கோத்து வலைப்பின்னலாகப் போட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. எந்தத் தெருவில் கண்ணி அறுகிறது என்று அன்றாடம் ஓட்டுபவரைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? அங்கே சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் வழிகாட்டி வரைபடத்தை இன்றும் தன்னார்வலர்கள்தான் தெருத் தெருவாகச் சரிபார்த்துப் புதுப்பிக்கிறார்கள்.

எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது?

இதற்குப் புதிதாக ஆணையம் எதுவும் வேண்டாம். இருப்பதைப் பயன்படுத்தினாலே போதும்.

முதலில் பள்ளிக்கூடம். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்த அரசுக்கு, அது எந்த வழியாகப் போகிறது என்று கேட்க ஒரு வகுப்பு நேரம் போதும். கரும்பலகையில் ஊர் வரைபடம் போட்டு, இறங்கித் தள்ளுகிற இடம், அப்பா வேண்டாம் என்று சொன்ன சாலை, சாயங்காலம் விளக்கு எரியாத திருப்பம் என ஒவ்வொருவரும் சுண்ணாம்புப் புள்ளி வைக்கட்டும். அரசு இப்படித் துணை நின்றதற்கு முன்னுதாரணமும் உண்டு. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியபோது, மாவட்ட நிர்வாகமே அவர்களோடு நின்றது. ஒரு சாலையில் பெண்களும் பிள்ளைகளும் தைரியமாக மிதிக்கிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய தரச் சான்றிதழ் அதற்கு வேண்டியதில்லை.

இரண்டாவது, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சாலையில் எந்த இடம், என்ன கோளாறு, என்ன வேண்டும் என்று மூன்று வரியில் தீர்மானம் போடலாம். நெடுஞ்சாலையில் ஊராட்சிக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். எழுத்தில் பதிய உரிமை இருக்கிறது.

மூன்றாவது, கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் இந்தக் குழு இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை அதிகாரிகள் உட்காரும் அந்த மேஜையில் ஒரு மீன் வியாபாரிக்கும் ஒரு மாணவிக்கும் நாற்காலி போட்டால் என்ன?

சென்னையின் சைக்கிள் குழுக்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டும் மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்றவர்களுக்கு இந்தச் சாலைகளின் பள்ளம் மேடு அத்துப்படி. அவர்களின் செல்போன் செயலிகள் பாதையையும் வேகத்தையும் பதிந்துவைத்திருக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை. செயலி காட்டும் வரைபடத்தில் தூக்குவாளிக்காரர் இருக்க மாட்டார். அதை மட்டும் நம்பினால், பணமுள்ளவர் போகும் இடத்துக்கே மீண்டும் பாதை போடுவோம்.

இரு தரப்பும் கேட்பது ஒன்றல்ல என்பதையும் மறைக்க வேண்டாம். வேகமாக ஓட்டுபவருக்குத் தடையில்லாத, வழவழப்பான நீண்ட சாலை வேண்டும். தனிப் பாதை போட்டால் அதில் பைக்கும் மாடும் பார்க்கிங்கும் புகுந்துவிடும் என்பது அவர்களின் நியாயமான பயம். உள்ளூர்க்காரருக்கோ கடவை, தெருவிளக்கு, ஊருக்குள் வண்டிகளின் வேகக் குறைப்பு வேண்டும். இரண்டையும் ஒரே மேஜையில் பேசினால், நீளும் சாலையில் அகலமான, மணல் அள்ளிய ஓரம், ஊர் வரும் இடத்தில் தடுப்போடு தனிப் பாதை என்று முடிவுக்கு வர வழி இருக்கிறது.

டெண்டருக்கு முன்பே

பேச வேண்டிய நேரம் இதுதான். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 2,100 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. அது இறங்கும் இடத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்துக் குப்பங்களும் கிராமங்களும் காத்திருக்கின்றன. அங்கே கார்கள் இன்னும் வேகமாக வந்து சேரும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி சாலையும் நான்கு வழியாகிறது. வேலை முடிந்த பிறகு கடவை கேட்டால் நிதி இல்லை என்பார்கள். வரைபடத்தில் இருக்கும்போது கேட்டால் அது ஒரு கோடு.

கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, தரம் தப்பிய சாலையால் உயிர் போனால், வடிவமைத்தவரும் ஒப்பந்ததாரரும் பராமரிப்பவரும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டிவரும். அந்த இடம் ஆபத்தானது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். இன்றைக்கு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்கலாம். தேதியும் கையெழுத்துமாக ஒரு கிராம சபைத் தீர்மானம் கோப்பில் இருந்தால், அந்தப் பதில் செல்லாது.