ஊர்ப்பெயர்களில் உறையும் ஸ்லாவியர்

பெர்லின் நகரத்தின் இலச்சினையில் பல நூற்றாண்டுகளாகக் கரடி நிற்பதும், கரடியைக் குறிக்கும் ஜெர்மன் சொல் அந்நகரப் பெயரின் முதலசையோடு ஓசையில் ஒத்திருப்பதும், பெயர் கரடியிலிருந்தே பிறந்ததென்ற நம்பிக்கையை ஜனங்களிடையே வேரூன்றச் செய்துவிட்டன. மொழியாராய்ச்சியாளரோ, சதுப்பு நிலத்தைச் சுட்டிய பழைய ஸ்லாவிய வேரொன்றையே அதற்கு மூலமாகக் கொள்கின்றனர்.

எல்பே நதிக்கும் ஓடர் நதிக்கும் இடைப்பட்ட பூமியில், ஜெர்மானியர் பெரும்பாலும் அகன்றுபோன பின்னர், கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் வந்து குடியேறிய ஸ்லாவியர், எழுத்தறியாத மக்களாதலின், தம் வரவைப் பற்றிய சாசனம் ஒன்றையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் தாம் கண்ட நிலத்தைத் தம் மொழியில் அழைத்தார்கள். அந்த அழைப்பு நிலைத்துவிட்டது. கெம்னிட்ஸ் என்பது கல்லாறு. டிரெஸ்டென் என்பது காட்டுவாசிகளின் இருப்பிடம். ரோஸ்டாக், ஆறு விரிந்து அகலும் துறை. போமரேனியா, கடலோர நாடு.

இவற்றினும் வியக்கத்தக்கது கோட்டையைக் குறித்த சொல்லின் சரித்திரம். ஆதியில் 'கார்ட்' என்பதுபோல் ஒலித்த அச்சொல், தெற்கே உயிரும் ரகரமும் இடம் மாறி 'கிராட்' ஆகி, வெண்கோட்டை எனப் பொருள்படும் பெல்கிரேடில் நிற்கிறது. ருஷ்யாவிலோ இடையில் ஓர் உயிர் கூடி 'கோரட்' ஆகி, புதுநகரமாகிய நோவ்கோரடில் விளங்குகிறது. இம்மாற்றம் எப்போது நேர்ந்ததென்பதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. 814இல் மறைந்த பிராங்கியப் பேரரசர் கார்லின் (சார்லமேனின்) பெயரே ஸ்லாவியரிடம் 'அரசன்' என்னும் பொதுச்சொல்லாகி, செக் மொழியில் 'கிரால்' என்றும் ருஷ்ய மொழியில் 'கரோல்' என்றும் அதே விதியின்படி திரிந்திருப்பதால், கார்லின் காலத்திலும் அவ்விதி உயிரோடிருந்தமை தெளிவு. ஆகவே கிரேக்க நாட்டில் இன்றும் 'கார்டிக்கி' என்னும் பெயர் தாங்கும் ஊர்கள், அம்மாற்றத்திற்கு முந்திய ஸ்லாவிய உச்சரிப்பைக் கிரேக்கர் செவி ஏற்றுக் காத்துவந்தமைக்குச் சாட்சியாகின்றன. மொழியறிஞர் மாக்ஸ் ஃபாஸ்மர் 1941இல் வெளியிட்ட நூலில் கிரேக்கத்தின் ஸ்லாவிய ஊர்ப்பெயர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் தொகுக்கப்பட்டுள்ளன. பெயர் குடியேற்றத்துக்குச் சான்றாகுமேயன்றி, அவ்வூரில் இன்று வாழ்வோரின் ரத்தத்துக்குச் சான்றாகாது என்பதையும் இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

சில பெயர்கள் மொழிபெயர்ப்பில் மறைந்தன. ஹோல்ஸ்டைன் பகுதியில் 'பழங்கோட்டை' என்னும் பொருள்பட ஸ்லாவியர் ஸ்டாரிகார்ட் என்றழைத்த ஊர், ஜெர்மானியர் வாயில் அதே பொருளோடு ஓல்டன்பர்க் ஆயிற்று. எல்பே கரையில் வழங்கிய பொலாபிய மொழியோ 18ஆம் நூற்றாண்டில் அடியோடு அழிந்தது. ஜெர்மனியின் கிழக்கே லுசேஷியாவில் வாழும் சோர்பியர் மட்டும் தம் ஸ்லாவிய மொழியைக் கைவிடவில்லை. 1930களில் நாஜி அரசு அவர்களுடைய ஊர்ப்பெயர்கள் பலவற்றை நீக்கி ஜெர்மன் பெயர்களைச் சூட்டியது பெருங்கொடுமை. இன்று லுசேஷிய நகரமாகிய பௌட்ஸெனின் பெயர்ப்பலகையில், ஜெர்மன் பெயரோடு 'புடிஷின்' என்ற சோர்பியப் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.